தாஜீன்: சட்டியின் பெயரும் கோழிப் புழுக்கும்

மொரோக்கோ நாட்டில் ‘தாஜீன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கூம்பு போல உயர்ந்த மூடியைக் கொண்ட, ஆழம் குறைந்த மண்சட்டி ஒன்று. அந்தச் சட்டியில் இறைச்சியையோ மீனையோ காய்கறியையோ மசாலாவோடு இட்டு, மெல்லிய தணலில் நெடுநேரம் மூடிவைத்துச் சமைத்த உணவு மற்றொன்று. தமிழில் சமையல் குறிப்பு எழுதுவோர் இதை டேஜின், டாஜின், டகீன், தஜின் என்று பலவாறு எழுதுகிறார்கள்; பெயரைத் தமிழாக்க முயல்வோர் ‘மொரோக்கோ கோழிக் குழம்பு’ என்றோ ‘மொரோக்கோ கோழிக் கறி’ என்றோ எழுதிவிடுகிறார்கள். இது பெயர்க் குழப்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. குழம்பு என்று படித்தவர் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுகிறார். அங்கேயே அந்த உணவு கெட்டுவிடுகிறது.

முதலில் எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிடலாம். அரபு மொழியில் இச்சொல்லின் முதல் ஒலி டகரம் அன்று. நாவின் நுனி பல்லடியைத் தொட, அதன் பின்பகுதி மேலெழப் பிறக்கும் அழுத்தமான தகரம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைப் பார்த்துத் தமிழில் எழுதுவதால்தான் டகரம் வந்து ஒட்டிக்கொண்டது. டகரம் தமிழில் மொழிமுதல் வராது என்ற பழைய மரபும் இங்கே தகரத்துக்கே துணைநிற்கிறது. அரபு எழுத்தில் இரண்டு உயிரும் நெடிலாகவே எழுதப்படுவதால் ‘தாஜீன்’ என்று எழுதுவது மூலத்துக்கு நெருக்கமானது. கிரந்த எழுத்தை விரும்பாதவர் ‘தாசீன்’ என்று எழுதலாம், அதில் தவறில்லை. ‘தாகின்’ என்று யாராவது எழுதியிருந்தால் அதையும் உடனே பிழை என்று சொல்லிவிட முடியாது. எகிப்தியப் பேச்சு வழக்கில் அரபின் ஜகரம் ககரமாக ஒலிக்கும். அங்கும் மண்சட்டியில் இட்டு ஓவன் அடுப்பில் வேகவைக்கும் உணவுகளுக்கு இதே பெயர் உண்டு.

சொல்லின் வேரைத் தேடினால் அது அரபிலும் நிற்பதில்லை. பழைய அரபு வழக்கில் ‘தாஜின்’ என்பது பொரிக்கும் தட்டைச் சட்டியைக் குறித்தது. அது கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு ‘தகேனொன்’ என்றும் ‘தேகனொன்’ என்றும் இரண்டு வடிவங்கள் இருந்தன. தசை என்பது சதை ஆவது போல, உள்ளே இருக்கும் ஒலிகள் இடம் மாறியதால் ஏற்பட்ட இரட்டை வடிவம் அது. இன்றைய கிரேக்க வீடுகளிலும் பொரிக்கும் சட்டிக்குத் ‘திகானி’ என்றே பெயர். எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில், மாவினால் செய்த காணிக்கையைச் சுடும் பாத்திரத்துக்கு இந்தத் ‘தேகனொன்’ தான் எழுதப்பட்டிருக்கிறது. அதே இடத்தில் தமிழ் வேதாகமம் ‘சட்டி’ என்கிறது. தாஜீனின் முன்னோடிச் சொல்லுக்கு நேர்நிற்கும் தமிழ்ச் சொல் இப்படி ஏற்கெனவே அச்சில் இருக்கிறது.

பொரிக்கும் சட்டியின் பெயர், பொரிப்பதற்கு நேர்மாறான சமையலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி எழும். அடிப்பகுதியைத் தனியே எடுத்துப் பார்த்தால் இது அவ்வளவு வியப்பில்லை: அகலமான, ஆழமற்ற, விளிம்பு சற்றே உயர்ந்த மண் தட்டு அது. வடிவம் நிலைத்து வேலை மாறும்போது பெயர் வடிவத்தோடு தங்கிவிடுவது கருவிப் பெயர்களில் வழக்கமாகக் காண்பதே. பக்கத்திலுள்ள துனிசியாவில் இதே சொல் இன்னொரு திசையில் போய்விட்டது. அங்கே தாஜீன் என்றால் முட்டையையும் இறைச்சியையும் பாலாடைக் கட்டியையும் கலந்து சுட்டு, துண்டு போட்டுப் பரிமாறும் கெட்டியான பண்டம். கூம்பு மூடிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. துனிசியக் குறிப்பைப் படித்து மொரோக்கோ உணவை எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார்.

சட்டியின் பெயரே உணவின் பெயராவதைத் தமிழ் இலக்கணத்தில் ஆகுபெயர் என்கிறோம். அதிலும் இது இடவாகுபெயர். இடத்தின் பெயர் அவ்விடத்தில் உள்ள பொருளுக்கு ஆகிவந்தது. நம் வீட்டு வழக்கில் எதிர்த்திசை ஆகுபெயர்தான் அடிக்கடி காதில் விழும். ‘அடுப்பிலிருந்து பாலை இறக்கு’ என்கிறோம். இறக்குவது பாத்திரத்தை, சொல்வது பாலின் பெயரை. இதற்குத் தானியாகுபெயர் என்று பெயர். ஸ்பெயினின் பாயெய்யாவும் தாஜீனைப் போலத்தான்: முதலில் அகன்ற சட்டியின் பெயர், பிறகு அதில் சமைத்த சோற்றின் பெயர்.

இனிச் சட்டிக்கு வருவோம். மலைப்பகுதிகளின் அமாசிக் (பெர்பர்) மக்களும் நகரங்களின் அரபு மொழியினரும் ஒருசேரப் பயன்படுத்தும் கலம் இது. அட்லாண்டிக் கரையிலுள்ள சாஃபி நகரம் மட்பாண்டத்துக்குப் பேர்போனது; நாட்டுச் சந்தைகளில் பூச்சில்லாத செம்மண் தாஜீன்களைக் கோபுரம் போல அடுக்கி விற்பார்கள். மரபான அடுப்பு, ‘மிஜ்மர்’ எனப்படும் சிறு மண் கணப்பு. அதில் கரி கனன்றுகொண்டிருக்கும், தீ எழாது. மூடியின் உச்சியில் இருக்கும் குமிழ் நெருப்பிலிருந்து தள்ளியிருப்பதால் பெரும்பாலும் கைசுடாமல் தூக்கலாம். கூம்பின் உட்புறம் நீராவியைக் குளிரச்செய்து மீண்டும் சட்டிக்குள் சொட்டவிடுகிறது என்பது எங்கும் சொல்லப்படும் விளக்கம். அது உண்மைதான்; ஆனால் ருசியின் பெரும்பங்கு குறைந்த சூட்டுக்கும், வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும் மண்ணுக்கும் உரியது என்பதே என் கருத்து. நல்ல கனமான மண்சட்டியும் சரியாகப் பொருந்தும் தட்டும் வீட்டில் இருந்தால், கூம்பு மூடிக்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. மொரோக்கோவிலேயே பல வீடுகளில் அவசர நாளுக்குக் குக்கர்தான். வாங்கியே தீருவேன் என்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வண்ணப்பூச்சும் சித்திரவேலையும் மிகுந்தவை பரிமாறுவதற்கானவை, அவற்றில் சிலவற்றின் பூச்சில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் அடுப்பில் ஏற்றக் கூடாது.

அடுத்தது, இந்தச் சமையல் முறைக்குத் தமிழில் என்ன பெயர் என்பது. ஐரோப்பியச் சமையலில் இதற்கு ‘பிரேஸ்’ என்கிறார்கள். அது தணலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் அவித்தல் நீராவியையும் நீரையும் நினைவூட்டுகிறது; வதக்கல் திறந்த சட்டியில் எண்ணெயோடு கிளறுவது; வேகவைத்தல் எல்லாவற்றுக்கும் பொது. ‘தம்’ என்று பலரும் சொல்கிறார்கள். மூச்சு என்று பொருள்படும் அந்தப் பாரசீகச் சொல் பிரியாணியால் நம் சமையலறைக்கு வந்து நிலைத்துவிட்ட சொல். ஆனால் தம் போடுவதில் மூடியை மாவு வைத்து அடைப்பதும் மேலே தணல் இடுவதும் உண்டு. தாஜீனில் அடைப்பு இல்லை. மூடியைத் திறந்து பார்ப்பார்கள், பிற்பாதியில் ஆலிவ் காய்களைச் சேர்ப்பார்கள்.

பொருத்தமான சொல் ‘புழுக்கு’. புழுங்கு என்பது தன்வினை, புழுக்கு என்பது பிறவினை. காற்று நகராத பிற்பகலில் ‘ஒரே புழுக்கம்’ என்று சொல்லும்போது வெம்மை, ஈரம், வெளியேற வழியின்மை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மூடிய தாஜீனுக்குள் கோழிக்கு நேர்வதும் அதுதான். இது புதிதாகக் கட்டிய சொல்லும் அன்று. கரிகாலனின் விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படை, ‘துராஅய் துற்றிய துருவையம் புழுக்கின் பராஅரை வேவை பருகெனத் தண்டி’ என்கிறது: அறுகம்புல் தின்று கொழுத்த செம்மறிக்கிடாயின் புழுக்கிய இறைச்சியில் பருத்த மேல்தொடை நெகிழ வெந்திருந்தது, அதைத் தின்னுமாறு அரசன் வற்புறுத்தினான். அடுத்த அடியிலேயே இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி தனியாக வருவதால், புழுக்கும் சூடும் வெவ்வேறு முறைகள் என்பது ஐயமின்றித் தெரிகிறது. மலையாளத்தில் கிழங்குகளைச் சேர்த்து வேகவைக்கும் பண்டத்துக்கு இன்றும் புழுக்கு என்றே பெயர். நமக்கு அச்சொல் புழுங்கல் அரிசியோடு சுருங்கிப் போயிற்று. இறைச்சிக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை.

எனவே சமையல் முறை புழுக்குதல், உணவு கோழிப் புழுக்கு, அதன் தனிப்பெயர் தாஜீன் என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. கலத்தை விளக்க வேண்டிய இடத்தில் ‘கூம்புமூடிச் சட்டி’ என்று ஒருமுறை சொன்னால் போதும். தாஜீன் என்ற சொல்லையே அகற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இட்லியை இன்னொரு மொழிக்காரர் ‘வெந்த மாவுத் தட்டை’ என்று எழுதினால் நாம் ஏற்போமா?

மொரோக்கோவின் கோழித் தாஜீன்களில் பெயர்பெற்றது, ஆலிவும் உப்பில் ஊறிய எலுமிச்சையும் சேர்த்த ‘தஜாஜ் முகல்லி’. தஜாஜ் என்றால் கோழி. முகல்லி என்பது பொரித்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தாலும், மொரோக்கோச் சமையலில் அது எண்ணெய், இஞ்சி, குங்குமப்பூ ஆகியவற்றால் ஆன மஞ்சள் சாற்றின் பெயராகிவிட்டது. மிளகாய்த்தூளும் சீரகமும் சேர்த்துச் செந்நிறமாக ஆக்கினால் அது ‘முஹம்மர்’. சிவக்கச் செய்தது என்று பொருள். உணவகப் பட்டியலில் இந்த இரண்டு சொற்களும் தெரிந்திருந்தால் தட்டில் என்ன நிறம் வரும் என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டில் செய்ய எலும்போடு கூடிய தொடைத் துண்டுகளே ஏற்றவை. நெஞ்சுக்கறி இவ்வளவு நேரம் தாங்காமல் நார்நாராக உலர்ந்துவிடும். 1 கிலோ கோழிக்கு 2 பெரிய வெங்காயத்தைத் துருவிக்கொள்ள வேண்டும். நறுக்கினால் சாறு கெட்டிப்படாது. அதோடு 3 பல் பூண்டு, 1 தேக்கரண்டி சுக்குத்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், வெந்நீரில் ஊறவைத்த ஒரு சிட்டிகைக் குங்குமப்பூ, 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நூலால் கட்டிய ஒரு பிடி கொத்தமல்லித்தழை ஆகியவற்றைக் கோழியில் பிசறி, சூடேறாத சட்டியில் அடுக்கி, அரை டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி, மிகச் சிறிய தீயில் வைக்க வேண்டும். மண்சட்டியை எரிவாயு அடுப்பில் நேரடியாக வைத்தால் விரிசல் விடும். இடையில் ஒரு கனமான இரும்புத் தகடு அல்லது பழைய தோசைக்கல் இருக்கட்டும். கால் மணி நேரத்துக்குப் பிறகு மூடியைத் தூக்கினால் ஊற்றியதைவிட அதிகமான நீர் நிற்கும். அது கோழியும் வெங்காயமும் விட்ட சாறு. ஏறத்தாழ 1 மணி நேரத்தில் இறைச்சி எலும்பிலிருந்து நழுவும். அப்போது துண்டுகளை வெளியே எடுத்துவைத்து, சாற்றைத் திறந்தபடி வற்றவிட வேண்டும். வெங்காயம் கரைந்து எண்ணெய் விளிம்பில் பிரிந்து நிற்கும் அந்தக் கெட்டிச் சாற்றைத் ‘தக்மீரா’ என்கிறார்கள். கோழியின் ஈரலை வேகவைத்து மசித்து இதில் கரைப்பதும் உண்டு. இதைச் சோற்றோடு அல்ல, வட்டமான தடித்த ரொட்டியைக் கிள்ளித் தொட்டு உண்பார்கள்.

சுக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியாது. மொரோக்கோ அரபில் இஞ்சிக்கு ‘ஸ்கின்ஜ்பீர்’ என்று பெயர்; செவ்வியல் அரபில் ‘ஸன்ஜபீல்’. இவை கிரேக்க, லத்தீனப் பெயர்களோடு சேர்ந்து பாலி மொழியின் ‘சிங்கிவேர’ என்ற வடிவத்துக்குப் போய்ச் சேர்கின்றன; அதன் பின்னால் இருப்பது ‘இஞ்சிவேர்’ என்னும் தென்னாட்டுக் கூட்டுச்சொல் என்பது மொழியியலார் பலரும் ஏற்ற முடிவு. அட்லஸ் மலையடிவாரத்துச் சந்தையில் ‘ஸ்கின்ஜ்பீர்’ கேட்டு வாங்கும் பெண்மணி, கொஞ்சம் திரிந்த தமிழைத்தான் பேசுகிறார்.

எஞ்சியிருப்பது எலுமிச்சை. மொரோக்கோவில் அதை நான்காகக் கீறி, கீறலில் உப்பை அடைத்து, அதன் சாற்றிலேயே மூழ்க ஒரு மாதமாவது ஊறவிடுவார்கள். மிளகாயும் தாளிப்பும் கிடையாது. ‘எலுமிச்சை ஊறுகாய் சேர்க்கவும்’ என்று மட்டும் எழுதினால் நம் வாசகர் கடைப் புட்டியைத் திறந்து நல்லெண்ணெய், வெந்தயம், பெருங்காயம் எல்லாவற்றையும் தாஜீனில் கொட்டிவிடுவார். ‘உப்பு எலுமிச்சை’ என்று எழுதுவதே சரி. நம் உப்பு நார்த்தங்காய் முறையில் இதற்கு நெருங்கியது என்றாலும், வெயிலில் உலர்த்தியது என்பதால் கசப்பு மேலோங்கும். வேறு கிடைக்காதபோது சிறிது ஊறவைத்துக் கழுவி, பாதி அளவு சேர்க்கலாம். உப்பு எலுமிச்சையானாலும் சுளைப்பகுதியை வழித்து நீக்கி, தோலை மட்டும் நீளமாக நறுக்கி, ஆலிவோடு கடைசிப் பத்து நிமிடத்தில் போட வேண்டும். இரண்டிலும் உப்பு இருப்பதால், அதுவரை சாற்றில் தனியாக உப்புப் போடாமல் இருப்பது நல்லது.