ஸ்டீரியோடைப்: தமிழில் வார்ப்பெண்ணம்

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கான முன்பயிற்சிகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஸ்டீரியோடைப்’. ஒரு நாட்டாரையோ மொழியினரையோ ‘இவர்கள் இப்படித்தான்’ என்று அடைத்துவிடும் எண்ணம் என்பது இன்றைய பொருள். ஆனால் சொல் பிறந்தது அச்சுக்கூடத்தில்.

கிரேக்கத்தில் ‘ஸ்டெரியோஸ்’ என்றால் திடமானது, ‘டைப்போஸ்’ என்றால் பதிந்த அச்சு. (ஸ்டீரியோ ஒலியில் இருப்பதும் இதே ஸ்டெரியோஸ்தான்.) 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மேன் திதோ ஓர் அச்சு முறைக்கு இந்தப் பெயரை வழங்கினார். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த பக்கத்தின்மேல் பிளாஸ்டர் சாந்தையோ, பிற்காலத்தில் ஈரக் காகிதக் கூழையோ அழுத்திப் படி எடுப்பார்கள். அதில் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றினால் பக்கம் முழுதும் ஒரே தகடாகிவிடும். கோத்த பக்கத்தில் ஓர் எழுத்து தவறினால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். தகட்டிலோ அந்த இடத்தையே வெட்டியெடுத்துப் புதுத் துண்டைப் பற்றவைக்க வேண்டும். 1922இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன், மனத்தில் உறைந்த படங்களுக்கு இந்தச் சொல்லை எடுத்தாண்டார். அந்தப் பொருளே நிலைத்துவிட்டது.

தமிழில் ‘தப்பெண்ணம்’ என்று எழுதுகிறார்கள். பொருந்தாது. ‘அந்த நாட்டு மாணவர்கள் கணக்கில் புலிகள்’ என்பது பாராட்டு, ஆனாலும் ஸ்டீரியோடைப்தான். ‘முன்முடிவு’ ஒரே ஒரு ஆளைப் பற்றியும் இருக்கலாம். ‘வார்ப்புரு’ நெருங்கி வருகிறது, ஆனால் கணினித் துறையில் அது டெம்ப்ளேட்டுக்கு உரியதாகிவிட்டது. ‘அச்சில் வார்த்தாற்போல’ என்று நாம் ஏற்கெனவே சொல்வதால் ‘வார்ப்பெண்ணம்’ என்பதே நம் தேர்வு. திருத்துவது கடினம் என்ற உட்பொருளும் அதில் தங்குகிறது.

பயணத்துக்கு முன் உங்கள் வார்ப்பெண்ணங்களைக் கண்டுபிடிக்க ஒரு தாளில் போகும் நாட்டாரைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதுங்கள். யோசிக்காமல், வேகமாக. ‘எல்லாரும்’, ‘எப்போதும்’, ‘-மாட்டார்கள்’ வரும் இடங்களில் கோடிடுங்கள். வார்ப்பெண்ணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் சொன்னது, அவர் எத்தனை பேரை, எந்தச் சூழலில் பார்த்தார் என்று எழுதுங்கள். பிறகு வாக்கியத்தைத் தளர்த்துங்கள். ‘அவர்கள் யாரோடும் ஒட்ட மாட்டார்கள்’ என்பது ‘முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்கச் சிலர் தயங்கலாம்’ என்றாகட்டும். இதை நேரில் சரிபார்க்க முடியும், முந்தையதை முடியாது.

பலர் சறுக்கும் இடம் இதுதான்: ‘ஒட்ட மாட்டார்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘எல்லாரும் அன்பானவர்கள்’ என்று எழுதிவிடுவார்கள். அதுவும் ஒரு தகடுதான். முதல் வாரத்தில் ஒருவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் ஏமாற்றம் இரட்டிப்பாகும்.

அவர்கள் உங்களைப் பற்றி வைத்திருக்கக்கூடிய ஐந்து எண்ணங்களையும் தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள். போய்ச் சேர்ந்த நான்காம் வாரமும் மூன்றாம் மாதமும் தாளை எடுத்துப் பாருங்கள். எண்ணத்துக்குப் பொருந்திய நிகழ்ச்சிகள் நினைவில் நிற்கும். பொருந்தாதவற்றை ‘விதிவிலக்கு’ என்று மனம் தள்ளிவிடும். அதனால் தள்ளிய விதிவிலக்குகளைத் தேதியோடு தனியாகக் குறித்துவையுங்கள். ஒரே வாக்கியத்துக்கு எதிராக மூன்று சேர்ந்துவிட்டால் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.