கிரிமினாலஜி படிப்பும் கைரேகைக் கனவும்

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் எங்கள் கிரிமினாலஜி (குற்றவியல்) துறை அலுவலகத்தில் தொலைபேசி ஓயாது. கேள்வி ஒன்றுதான்: "சார், கிரிமினாலஜி படிச்சா ஃபாரன்சிக் லேப்ல வேலை கிடைக்கும்ல?" ஒவ்வோர் ஆண்டும் பொறுமையாகப் பதில் சொல்லித்தான் வந்தேன். ஆனால் இந்த முறை பட்டத்தை முடித்த பிறகு ஒரு மாணவி வந்து நின்றார். பிளஸ் டூவில் வணிகவியல், பிறகு பி.ஏ. குற்றவியல், நல்ல மதிப்பெண்கள். தடய அறிவியல் (ஃபாரன்சிக்) பணிக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அறிவியல் படிப்பு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சேர்க்கையின்போது கல்லூரி கொடுத்த துண்டறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தார். கையுறை அணிந்த ஒரு கை தோட்டா உறையை எடுக்கும் படம். உள்ளே பாடத்திட்டத்தில் ஆய்வகத் தாள் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணின் மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

ஆகவே இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். கத்தியில் இருக்கும் ரத்தம் யாருடையது என்று கண்டுபிடிப்பது தடய அறிவியல். அதற்கு வேதியியல், உயிரியல், இயற்பியல் தெரிய வேண்டும். அந்தக் கத்தி ஒரு பதினேழு வயதுப் பையன் கைக்கு எப்படிப் போனது, வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பும்போது அவன் எந்த நிலையில் திரும்புகிறான், குத்துப்பட்டவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்ததா, இந்தத் தெருவில் மட்டும் ஏன் அடிக்கடி இப்படி நடக்கிறது, இவையெல்லாம் குற்றவியல். இது சமூக அறிவியல். சமூகவியல், உளவியல், சட்டம், புள்ளியியல் எல்லாம் இதில் கலந்து வரும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான யுஜிசி நெட் தகுதித் தேர்விலேயே குற்றவியலும் தடய அறிவியலும் இரண்டு தனித்தனிப் பாடங்கள். சில கல்லூரிகள் இரண்டையும் சேர்த்து ஒரே பட்டமாகத் தருகின்றன. அங்கே சேர்வதாக இருந்தால், எந்தத் தாள் எத்தனை, ஆய்வகம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினார்கள் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

அடுத்த தவறான எண்ணம் போலீஸ். எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஐ.பி.எஸ்ஸுக்கும் அப்படித்தான். ஐ.பி.எஸ். தேர்வை நடத்தும் யுபிஎஸ்சியின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியலே கிடையாது. சமூகவியல், உளவியல், சட்டம் இருக்கின்றன. எங்கள் மாணவர்கள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். "இதைப் படித்தால் சிபிஐ வேலை உறுதி" என்று யாராவது சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் எதற்காக இதைப் படிக்க வேண்டும்? குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறார் வழக்குகளில், அவற்றை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் சிறுவன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள், அவனுடைய குடும்பமும் சூழலும் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை நன்னடத்தை அலுவலர் தர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் பல நேரம் இரண்டே சொற்கள்: "கெட்ட சகவாசம்". பையன் பள்ளியை விட்டது எந்த வகுப்பில், ஏன் விட்டான், அதன்பின் யாரிடம் வேலைக்குப் போனான், வீட்டில் எவ்வளவு கடன், எதுவும் இருக்காது. பயிற்சி பெற்ற ஒருவர் எழுதினால் அதே அறிக்கை ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பிவிடும். இந்த வேலைக்கு ஆள் வேண்டும். சிறைகளிலும், பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகளிலும் வேண்டும்.

எண்களைப் படிக்கவும் கற்றுத்தருகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் அறிக்கையை வைத்து, எந்த மாநிலம் மோசம் என்று தொலைக்காட்சியில் சண்டை போடுகிறார்கள். அது காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் கணக்கு மட்டுமே. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் மிகக் கடுமையான ஒன்றின் கீழ் மட்டும் எண்ணப்படும். புகார் கொடுக்கவே பயப்படும் ஊரில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். நாளிதழ்களில் வேலை செய்கிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

சில சாதிகளுக்குக் குற்றம் பிறப்பிலேயே ஒட்டியிருக்கிறது என்று நம்பி, 1871இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப்பழங்குடியினர் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்த, மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் கிராம மக்கள் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. "அவன் மூஞ்சியைப் பார்த்தாலே திருடன்னு தெரியுது" என்ற பேச்சை இன்றும் கேட்கிறோமே, அதனால்தான் விடாமல் நடத்துகிறேன்.

பெற்றோருக்கு: பிள்ளை எந்த வேலையை நினைத்துச் சேர்கிறதோ, அந்த வேலைக்கு முன்பு வந்த அறிவிக்கையை டிஎன்பிஎஸ்சி, சீருடைப் பணியாளர் தேர்வாணையத் தளங்களில் எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை நீங்களே வாசியுங்கள். ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுக் கட்டணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகள் மனம் உடைய வேண்டாம். இரண்டாம் ஆண்டிலேயே புள்ளியியல் மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குச் சிறையோ கூர்நோக்கு இல்லமோ வேண்டுமென்றால், கடைசிப் பருவம் வரை காத்திருக்காதீர்கள். அனுமதி வரத் தாமதமாகும். துறைத் தலைவரிடம் இப்போதே கடிதம் கேளுங்கள்.