மங்கிப்போன கேசட்டில் பாட்டு எங்கே போகிறது?

கேசட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களின் காதுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் தொடக்க இசை மனத்துக்குள் ஓட ஆரம்பித்துவிடும். அதே பாட்டைப் பேருந்தில் கேட்டாலும், தேநீர்க் கடையில் கேட்டாலும், கேசட்டில் அதற்குப் பின்னால் இருந்த பாட்டைத்தான் காது எதிர்பார்க்கும். 1980களில் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பாட்டுகளைப் பதிந்து வாங்கியவர்களுக்கு அந்த வரிசை அவர்களே தொடுத்தது. இசைத்தட்டின் கீறல் சத்தத்தோடும், பக்கம் தீர்ந்துபோனதால் பாதியில் நின்ற கடைசிப் பாட்டோடும் அந்த வரிசை இணையத்தில் எங்கும் கிடைக்காது.

அதனால்தான் பலர் பரணிலிருந்து கேசட்டை இறக்கிக் கணினியில் ஏற்றப் பார்க்கிறார்கள். போட்டதும் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் மங்கலாகக் கேட்கிறது. ‘டேப் போயிடுச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. டேப்பைத் தொட்டு ஒலியைப் பதியவும் படிக்கவும் செய்யும் காந்த முனைக்கு ஹெட் என்று பெயர். அன்று பதிந்த ஹெட்டும் இன்று படிக்கும் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காததே மங்கலுக்கு முதல் காரணம்.

டேப் என்பது பாலியெஸ்டர் படலத்தின் மேல் பசையோடு பூசிய இரும்பு ஆக்சைடு. ஊசி வடிவத் துகள்கள், ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த நீளம். பதியும்போது பாட்டின் மின்குறிப்போடு, காதுக்கு எட்டாத சுமார் 1 லட்சம் ஹெர்ட்ஸ் அலை ஒன்றையும் சேர்த்து ஹெட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பயஸ் என்று பெயர். அது துகள்களை உலுக்கிவிடுவதால்தான் மெல்லிய ஒலியும் சிதையாமல் காந்தமாகப் பதிகிறது. இப்படி ஏறிய காந்தம் அறை வெப்பத்தில் பல பத்தாண்டுகள் நிற்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தால்கூட முதலில் வளைவது பிளாஸ்டிக் கூடுதான்.

பிரச்சினை, டேப்பில் காந்தம் எழுதும் எழுத்து மிகப் பொடியாக இருப்பதில். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை பெர்லினில் அறிமுகம் செய்தபோது, கைக்கு அடக்கமான கருவியே நோக்கம். அதனால் டேப்பின் அகலம் 3.8 மி.மீ., வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. என்று சுருக்கினார்கள். ஒலிப்பதிவுக் கூடங்களின் பெரிய ரீல் டேப் விநாடிக்கு 38 செ.மீ. ஓடும், கேசட்டைப்போல் எட்டு மடங்கு. கேசட்டில் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை அரை மில்லிமீட்டர் இடம் பிடிக்கிறது. ஜால்ராவின் கிணுகிணுப்பும், பாடுபவர் உச்சரிக்கும் ‘ஸ’வின் கூர்மையும் இருக்கும் 10,000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு அலைக்குக் கிடைப்பது 4.76 மைக்ரான் மட்டுமே.

இனி கோணத்துக்கு வருவோம். ஹெட்டில் உள்ள, ஒலியைப் படிக்கும் நுண்ணிய பிளவு டேப் ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். மோனோ டேப் ரெக்கார்டரில், அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒலியை ஒரே தடமாகப் பதிவதில், அந்தத் தடத்தின் அகலம் 1.5 மி.மீ. பதிந்த கோணத்திலிருந்து ஹெட் 0.18 பாகை சாய்ந்தால், பிளவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவே 4.7 மைக்ரான் தள்ளிவிடும். அதாவது 10,000 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலை. மேலே ஏற்றம், கீழே இறக்கம், இரண்டும் கூடிப் பூஜ்யம். அந்த ஒலி டேப்பில் முழுசாக இருக்கிறது. ஹெட் அதைத் தனக்குள்ளேயே அழித்துக்கொள்கிறது. அதே சாய்வில் 5,000 ஹெர்ட்ஸ் சுமார் 4 டெசிபெல் மட்டுமே குறையும், அடித்தொனி குறையவே குறையாது. கம்பளிச் சத்தம் பிறப்பது இப்படித்தான். ஸ்டீரியோ தடத்தின் அகலம் 0.6 மி.மீ. என்பதால் அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

ஒவ்வொரு ரெக்கார்டிங் சென்டரின் டெக்கும், அதாவது கேசட்டைப் பதியவும் ஓட்டவும் பயன்படும் கருவியும், தனக்கென ஒரு கோணத்தில் நின்றது. ஆகவே ஒரே அலமாரியில் இருக்கும் பத்து கேசட்டுக்குப் பத்துக் கோணம் இருக்கலாம். அதைத் திருத்தும் திருகு உங்கள் டெக்கிலேயே இருக்கிறது.

திருகைத் தொடும் முன் ஹெட்டைத் துடைத்தாக வேண்டும். டேப்பும் ஹெட்டும் ஒரே ஒரு மைக்ரான் விலகினாலும் 10,000 ஹெர்ட்ஸில் 11 டெசிபெல்லுக்கு மேல் போய்விடும். 1,000 ஹெர்ட்ஸில் போவது 1 டெசிபெல்தான். பழுப்புப் படிவு ஒரு மைக்ரானைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும், பக்கத்தில் சுழலும் எஃகுத் தண்டையும் பஞ்சில் பழுப்பு ஏறாத வரை துடைக்க வேண்டும். தண்டோடு சேர்ந்து டேப்பை இழுக்கும் ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், நாளடைவில் ரப்பரை உலர்த்தும். அதற்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். உருளை இறுகிப் பளபளவென்று ஆகியிருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். டேப்பைச் சுருட்டி விழுங்குவது பெரும்பாலும் அந்த உருளைதான்.

அடுத்து கேசட்டைப் பாருங்கள். பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அழியாது. முன்வாயில், மெல்லிய வில்தகட்டின் மேல் ஒரு சிறு கம்பளித் துண்டு தெரியும். டேப்பை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்துவிட்டால் எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை. ஐந்து திருகு போட்ட வேறொரு கேசட்டைத் திறந்து, சுருள்களை அதன் கூட்டுக்கு மாற்ற வேண்டியதுதான். திருகில்லாமல் ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் மெல்லக் கத்தி வைத்துப் பிளக்கலாம்.

கண்ணாடி வழியே சுருளின் மேல் வெள்ளைப் பூப்போல் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் சாதாரணம். அப்படியே ஓட்டாதீர்கள், ஹெட் வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்துணியால் டேப்பைத் தொட்டபடி பென்சிலால் சுற்றித் துடைக்க வேண்டும். அறுந்த டேப்பை ஒட்டச் சாதாரண செலோடேப் கூடாது, அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும். அதற்கென்றே விற்கும் ஒட்டுநாடாவை, ஹெட்டைத் தொடாத உட்பக்கத்தில் ஒட்டுங்கள்.

நல்ல நிலையில் இருக்கும் கேசட்டையும் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போடுவது நல்லது. சுற்றின் இறுக்கம் சீராகும். இன்னொரு லாபமும் உண்டு. பல வருடம் அசையாமல் கிடக்கும் சுருளில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் மங்கலாகப் படியும். பாட்டு தொடங்குவதற்கு ஒன்றரை முதல் மூன்று விநாடிக்கு முன், அமைதிக்குள் அதே பாட்டின் நிழல் கேட்பது இதனால்தான். டேப் மெலிந்திருக்கும் 90 நிமிட கேசட்டில் இது அதிகம். சுற்றிவிட்டால் நிழல் கொஞ்சம் குறையும்.

இப்போது திருகு. டெக்கின் கதவு மூடியைக் கழற்றினால், ஹெட்டின் இருபுறமும் திருகுகள் தெரியும். சுருள்வில் மாட்டியதுதான் கோணத் திருகு. பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். அதன் இப்போதைய நிலையைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாட்டை ஓடவிட்டு, இடம் வலம் இரண்டையும் கலந்து மோனோவாகக் கேளுங்கள், சாய்வு அப்போதுதான் பளிச்சென்று தெரியும். காந்தமேறாத சிறிய ஸ்டார் திருப்புளியால் கால் சுற்றுக்குள் மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள். பாட்டைவிடப் பின்னணி இரைச்சலைக் கவனிப்பது எளிது: ‘ஹூ’ என்று இருந்தது ஒரு புள்ளியில் ‘ஸ்ஸ்’ என்று திறக்கும். தாண்டிப் போய் இன்னொரு சின்னத் திறப்பு வந்தால் அது போலி. உரக்கத் திறப்பதே சரி. மோனோவாகப் பதிந்த கேசட் என்றால் இன்னும் துல்லியமான வழி இருக்கிறது. கணினியில் வலப்பக்க ஒலியிலிருந்து இடப்பக்க ஒலியைக் கழித்துக் கேளுங்கள். எஞ்சும் ஒலி மிகக் குறைவாக இருக்கும் இடம்தான் சரியான கோணம். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி பாருங்கள், இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் என்று எண்ண வேண்டாம். யுஎஸ்பி செருகி வைத்து விற்கும் மலிவான பிளேயர்களில் வேகமும் தள்ளாடும், திருகையும் எட்ட முடியாது. பழுது பார்த்த ஒரு பழைய டெக்கே மேல்.

வேகம் சரியா என்பதைச் சுருதி சொல்லிவிடும். பாட்டு ஒரு அரைச்சுரம் ஏறி ஒலித்தால் டேப் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. பதிவில் கலந்த மின்சார ரீங்காரம் 50 ஹெர்ட்ஸில் நிற்கிறதா என்று அலைவரிசைப் படத்தில் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் 1990களில் நம் மின்தொகுப்பே பல வேளைகளில் 49க்குக் கீழே ஓடியது, அதை முழுதாக நம்ப முடியாது. மூலப் பதிவோடு ஒப்பிட்டு மென்பொருளில் திருத்துவதே பாதுகாப்பு.

கணினியில் ஏற்றும்போது டெக்கின் லைன் அவுட்டிலிருந்து எடுங்கள், ஹெட்போன் துளையிலிருந்து அல்ல. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வையுங்கள். 45 நிமிடப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 780 எம்பி வரும். ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவில் சுருக்கினால் தரம் குறையாமலே நன்றாகச் சிறுக்கும். இரைச்சல் நீக்கத்தை நகலில் மட்டும் செய்யுங்கள், மூலக் கோப்பில் வேண்டாம். பாட்டு பாட்டாக வெட்டுவதும் அப்படியே. மூலத்தில் முழுப் பக்கமும் ஒரே கோப்பாக, பாட்டுகளுக்கு நடுவே இருந்த அதே இடைவெளிகளோடு இருக்கட்டும். கேசட் அட்டையில் கையால் எழுதிய பாட்டுப் பட்டியலையும் ஸ்கேன் செய்து அந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.