மருந்தை வெட்டும் நொதிகள்: கல்ச்சர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

சேலத்தில் மருந்துக் கடைக்குப் போய் "625 குடுங்க" என்றால் எந்த மாத்திரை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதில் 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலம். இரண்டாவது சரக்கு கிருமியைக் கொல்வதற்காகச் சேர்த்ததல்ல. அமாக்ஸிசிலினை வெட்டிப்போடும் நொதியைத் தன்மேல் ஒட்டவைத்து முடக்குவதுதான் அதன் வேலை.

அந்த நொதிக்குப் பெயர் பீட்டா லாக்டமேஸ். பென்சிலின் குடும்ப மருந்துகள் எல்லாவற்றின் நடுவிலும் நான்கு மூலை வளையம் ஒன்று இருக்கும். கிருமியின் சுவர் கட்டும் வேலையை நிறுத்துவது அந்த வளையம்தான். நொதி அதை அறுத்துவிட்டால் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. 1940-லேயே, பென்சிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வருமுன்பே, ஆபிரகாமும் செயினும் இந்த நொதியைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

ரத்தம், யூரின் போன்ற சாம்பிளில் உள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் தாள்தான் கல்ச்சர் ரிப்போர்ட். அதில் 'ஈ.எஸ்.பி.எல்.' என்று இருந்தால், செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஊசிகளையும் வெட்டும் நொதி இருக்கிறது என்று பொருள். அதே தாளில் பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஊசிக்கு நேராக 'எஸ்', அதாவது கிருமி அதற்கு அடங்கும், என்று வந்திருக்கலாம். ரத்தத்தில் கிருமி ஏறிய நோயாளிக்கு அந்த 'எஸ்'ஸை நம்பிவிடக் கூடாது. செஃப்ட்ரியாக்ஸோனுக்கு அடங்காத இ.கோலை, கிளெப்சியெல்லா என்ற கிருமிகளின் ரத்தத் தொற்றில் பிப்பராசிலின்-டாசோபாக்டத்தையும் மெரோபெனம் என்ற இன்னொரு ஊசியையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. 30 நாளில் இறந்தவர்கள் பிப்பராசிலின்-டாசோபாக்டத்தில் 12.3 சதவீதம், மெரோபெனமில் 3.7 சதவீதம்.

மெரோபெனமையே வெட்டும் நொதிகளும் உண்டு: கே.பி.சி., ஆக்ஸா-48, என்.டி.எம். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளியது. கிருமி வளர்க்கும் 2 மில்லி டிரிப்டிக் சோய் குழம்பில் ஒரு லூப் (சிறு வளையக் கம்பி) கிருமியைக் கலக்கி, 10 மைக்ரோகிராம் மெரோபெனம் ஏற்றிய வில்லையை உள்ளே போட்டு, 35 டிகிரியில் நான்கு மணி நேரம் வைக்கிறோம். பிறகு அந்த வில்லையை எடுத்து, மருந்துக்கு அடங்கும் இ.கோலையைப் பரப்பிய தட்டில் வைக்கிறோம். மறுநாள் வில்லையைச் சுற்றி அகலமான வெறும் வட்டம் இருந்தால் மருந்து பிழைத்திருக்கிறது. வில்லையின் விளிம்பு வரை கிருமி முளைத்திருந்தால், அந்த நான்கு மணி நேரத்தில் மருந்து முழுவதும் தின்னப்பட்டுவிட்டது. 6 மில்லிமீட்டர் என்று எழுதுகிறோமே, அது வில்லையின் சொந்த அகலம்தான். குழம்பில் ஈ.டி.டி.ஏ. என்ற, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனம் சேர்த்து இன்னொரு குழாயும் வைக்க வேண்டும். என்.டி.எம். துத்தநாகம் இல்லாமல் வேலை செய்யாது, ஈ.டி.டி.ஏ. அதைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் குழாயின் வில்லை தரும் வட்டம் முதல் குழாயினதைவிட 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதானால் என்.டி.எம். வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

நொதியின் பெயர் தெரியாமல் விலை உயர்ந்த ஊசியை எழுதுவது பெரும் நஷ்டம். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் கே.பி.சி.யையும் ஆக்ஸா-48-ஐயும் சமாளிக்கும், என்.டி.எம்.மிடம் தோற்கும். அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு மருந்தை என்.டி.எம். வெட்டாது, ஆனால் அதே கிருமியில் பெரும்பாலும் ஈ.எஸ்.பி.எல்.லும் இருந்து வெட்டிவிடும். அதனால்தான் செஃப்டாசிடிம்-அவிபாக்டம், அஸ்ட்ரியோனம் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கிறார்கள். அவிபாக்டம் ஈ.எஸ்.பி.எல்.லைக் கட்டிப்போட, அஸ்ட்ரியோனம் தப்பித்துப் போய் வேலை செய்யும்.

எவ்வளவு சோதனை செய்தாலும் சாம்பிள் கெட்டிருந்தால் ரிப்போர்ட்டும் பொய்தான். அதிகம் கெடுவது வழியில். ஏற்காட்டில் எடுத்த யூரின் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சித்திரை வெயிலில் வண்டி டேங்க் மேல் பையில் வருகிறது. இ.கோலைக்கு ஏற்ற சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகலாம். தோலிலிருந்து விழுந்த நாலு கிருமியும் இப்படிப் பெருகி, நோயில்லாத இடத்தில் நோய் இருப்பதாகக் காட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர முடியாதென்றால் ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்துக் கொண்டுவாருங்கள். பிளட் கல்ச்சர் பாட்டிலுக்கு இது நேர்மாறு: அதை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், இரண்டு வெவ்வேறு இடத்தில் குத்தி எடுத்தது, முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் ஏறுமுன். 3 மில்லி போட்டு அனுப்பினால் கிருமி இருந்தும் 'வளரவில்லை' என்று வரக்கூடும்.

கதீட்டர் (யூரின் குழாய்) போட்டவருக்கு யூரின் பையிலிருந்து பிடிக்காதீர்கள். குழாயைக் கீழே கிளாம்ப் செய்து, சாம்பிள் எடுக்கும் துளையை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு சிரிஞ்சில் எடுக்க வேண்டும். கதீட்டர் நுனியை வெட்டி அனுப்புவதும் வேண்டாம்.

இந்த நொதிகளின் ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருப்பதால் கிளெப்சியெல்லாவிலிருந்து இ.கோலைக்கும் தாவும். வார்டில் அதைச் சுமப்பது கை. யூரின் பையைக் காலி செய்யும் டப்பா ஒரு நோயாளிக்கு ஒன்று என்று இருக்க வேண்டும். ஒரே டப்பா நாலு கட்டிலுக்குப் போனால் கிருமியும் கூடவே போகும். பையைத் தொட்ட கையோடு உடனிருப்பவர் டிபன் கேரியரைத் திறக்கக் கூடாது. ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) உள்ளங்கை நிறைய எடுத்து, விரலிடுக்கு, கட்டைவிரல் எல்லாம் படும்படி 20 முதல் 30 விநாடி, கை காயும் வரை தேய்க்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆனபின் அந்த கல்ச்சர் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். குடலில் இந்தக் கிருமி பல மாதம் தங்கலாம். ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் டாக்டர் கேட்குமுன் அதை எடுத்துக் காட்டுங்கள்.