‘உலகம்’ என்று தேடினால் யோவான் 3:16 ஏன் வருவதில்லை?

வேதாகமச் செயலியில் ‘உலகம்’ என்று தட்டித் தேடுகிறீர்கள். வசனங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. ஆனால் ‘பழைய திருப்புதல்’ எனப்படும் தமிழ் மொழிபெயர்ப்பில் பலருக்கும் மனப்பாடமான யோவான் 3:16 அதில் இருக்காது, எளிய தேடுதல் மட்டும் உள்ள செயலியாக இருந்தால். ஏன் என்று பார்க்க, செயலி எப்படித் தேடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு தேடலுக்கும் அது ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை வாசித்துக்கொண்டிருப்பதில்லை. முன்கூட்டியே ஒரு சொல்லடைவு தயாராக இருக்கும்: ஒவ்வொரு சொல்லும், அது வரும் வசனங்களும். இந்த யோசனை பழையது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஹ்யூ ஆஃப் செயிண்ட் ஷேர் தலைமையில் டொமினிக்கன் துறவிகள் லத்தீன் வேதாகமத்துக்கு இதைக் கையாலேயே செய்தார்கள். அப்போது வசன எண்கள் கிடையாது. அதனால் ஒவ்வொரு அதிகாரத்தையும் ஏழு துண்டாகப் பாவித்து, ஏ முதல் ஜி வரை எழுத்திட்டு இடத்தைக் குறித்தார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களைத் தந்தது 1551இல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பு.

அந்த எண்களைத்தான் பல மென்பொருள்கள் அப்படியே முகவரியாக வைத்துக்கொள்கின்றன. யோவான் 43ஆவது புத்தகம். எனவே யோவான் 3:16 என்பது 43003016. சொல்லடைவில் ஒரு சொல்லுக்கு எதிரே இருப்பது இத்தகைய எண்களின் பட்டியல்தான். இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேடினால், இரண்டு பட்டியலிலும் உள்ள எண்களை மட்டும் எடுத்தால் போதும். வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

சரி, சிக்கல் எங்கே? அந்த வசனத்தில் இருப்பது ‘உலகத்தில்’. நமக்கு அது உலகம்தான். செயலிக்கு அது வேறு எழுத்துவரிசை. கடைசி ‘ம்’ அங்கே இல்லவே இல்லை. ‘விசுவாசம்’ என்று தேடினாலும் இதே கதை, அங்கே இருப்பது ‘விசுவாசிக்கிறவன்’. வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொண்டே போகும் தமிழில் வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்கும் நிரல் இல்லாத தேடல் பாதித் தேடல்தான்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு. ஆகவே, சொல்லின் முற்பகுதியைக் கொண்டு தேட விடும் செயலியில் ‘தேவன்’ என்பதற்குப் பதில் புள்ளியை விட்டு ‘தேவன’ என்று தட்டினால் தேவன், தேவனுடைய, தேவனை எல்லாம் அகப்படும். அதேபோல ‘உலக’. வேண்டாததும் கொஞ்சம் வரும், பரவாயில்லை.

இன்னொரு வில்லங்கம் ‘யோ’வில் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. நல்ல செயலி தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும்.

அப்புறம், நீங்கள் மஞ்சள் பூசிய வசனம். நிறம் அந்த முகவரி எண்ணோடு சேமிக்கப்படுவதால், வேறு மொழிபெயர்ப்புக்கு மாறினாலும் நிறம் கூடவே வரும். முகவரி எல்லாப் பதிப்பிலும் ஒன்றல்ல என்பதுதான் தொல்லை. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பை எபிரெயப் பதிப்பு முதல் இரண்டு வசனங்களாக எண்ணுகிறது. தமிழில் 51:1ஆக வரும் வரி அங்கே 51:3. இதற்கென்று பொருத்த அட்டவணை வைத்திராத செயலியில் தமிழையும் எபிரெயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தால், அந்தச் சங்கீதம் முழுக்க இரண்டு வசனம் தள்ளியே ஓடும்.