உங்கள் கல்லூரியில் ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறதா?

போன வாரம் எங்கள் மருத்துவமனையில் தியேட்டர் டெக்னீஷியன் வேலைக்கு நேர்காணல் நடந்தது. வந்தவர்களில் ஒரு பெண், இருபது வயது இருக்கும், திண்டிவனத்துப் பக்கம் ஒரு கிராமம். துணைக்கு வந்த அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி, ஆறு மாதப் பயிற்சி, முதல் வகுப்பில் தேர்ச்சி. பொன்னிறத்தில் பெரிய முத்திரை. எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் அதில் இல்லை.

சான்றிதழை மடக்கி வைத்துவிட்டு, மேசையில் இருந்த, கருவிகள் கட்டிய பச்சைத் துணிப் பொதி ஒன்றைக் காட்டி, "இந்த செட்டை இப்போது ஆபரேஷனுக்குப் பிரிக்கலாமா?" என்று கேட்டேன். அது இன்னும் ஆட்டோகிளேவுக்குள், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்துக்குள், போகாத பொதி. மேலே ஒட்டியிருந்த டேப்பில் கோடுகள் வெளிறித்தான் கிடந்தன. உள்ளே போய் வந்திருந்தால் அவை கறுத்திருக்கும். முதலாண்டு மாணவன்கூட தூரத்தில் இருந்தே பார்த்துச் சொல்லிவிடுவான். அந்தப் பெண் "பிரிக்கலாம் சார்" என்று சொல்லி முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாரித்தபோது, ஆட்டோகிளேவைப் படத்தில்தான் பார்த்திருப்பதாகச் சொன்னாள். ஒரு கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். "மருத்துவமனைப் பயிற்சி" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது, பதினைந்து படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்ததோடு முடிந்துபோயிருக்கிறது. தியேட்டர் கதவைத் தாண்டி அவளை யாரும் உள்ளே விடவில்லை. கட்டணம் 85,000 ரூபாய். அம்மாவின் சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது.

இந்த ஆண்டு இப்படி என் முன்னால் வந்து உட்கார்ந்த ஏழாவது பிள்ளை அவள். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தியேட்டரில் நிற்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என்னை மிகவும் நோகடித்த பேச்சு ஒன்றுதான்: "டாக்டர் கேட்கிற கத்தியையும் கத்தரியையும் எடுத்துக் கொடுக்கிற வேலைதானே, நாலு ஆபரேஷன் பார்த்தால் பழகிவிடும்." உறவினர்கள் சொல்கிறார்கள், பயிற்சி நிலையம் நடத்துபவர்கள் சொல்கிறார்கள், சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு இருக்கும்வரை ஆறு மாதச் சான்றிதழ் விற்றுக்கொண்டுதான் இருக்கும். ஆகவே கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

பார்த்துப் பழகலாம் என்கிறீர்கள். கிருமியைப் பார்க்க முடியுமா? சுத்தமான கையுறையும் கிருமி பட்ட கையுறையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஸ்க்ரப் செய்து, அதாவது கையைத் தேய்த்துக் கழுவி, கவுன் போட்டு, டிராலி முன்னால் நிற்கிறீர்கள். திரும்பும்போது முழங்கை விளக்கின் கைப்பிடியில் லேசாக உரசிவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை. சர்ஜன் அவசரத்தில் இருக்கிறார். அந்த நொடியில் "சார், என் கவுன் பட்டுவிட்டது, மாற்றிக்கொண்டு வருகிறேன்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இதை ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்ள முடியாது. ஏன் சொல்கிறோம், சொல்லாவிட்டால் ஐந்தாம் நாள் அந்தத் தையலில் என்ன நடக்கும் என்று நுண்ணுயிரியல் படித்து, வார்டில் போய் அந்தப் புண்ணையும் பார்த்து வந்த பிள்ளைதான் சொல்லும்.

டேப் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டேப் கறுத்துவிட்டால் உள்ளே எல்லாம் கிருமி நீங்கிவிட்டது என்று நினைப்பவர்களும் நிறையப் பேர். டேப் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பொதி சூட்டைப் பார்த்திருக்கிறது. 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், தேவையான நேரம் முழுவதும் நீராவி பொதியின் நடுவரை போனதா என்பதற்கு உள்ளே வைக்கும் காட்டி வேண்டும். அதற்கும் மேலே, வெப்பத்தைத் தாங்கும் உயிருள்ள நுண்ணுயிர் வித்துகளை வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. பொதிகளை வைக்கும் டிரம்மைத் திணித்து அடைத்தால் நீராவி எங்கே போகும்? 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் இருபது நிமிடம் ஊறிய கருவியை "ஸ்டெரைல்" என்று சொல்லி எடுத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயர்நிலைக் கிருமி நீக்கம், அவ்வளவுதான். வித்துகளும் சாக வேண்டுமானால் பத்து மணி நேரம் ஊற வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாதவர் எடுத்துக் கொடுக்கும் கருவி யாருடைய வயிற்றுக்குள் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். விபத்தில் அடிபட்டு மண்ணீரல் கிழிந்து வந்தவர். வயிறு முழுக்க ரத்தம். ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணியான மாப் ஐந்து ஐந்தாகப் போய்க்கொண்டே இருந்தது. ரத்தம் நின்று, வயிற்றை மூடப் போகும் நேரம். ஸ்க்ரப் சிஸ்டரோடு சேர்ந்து மாப் எண்ணிக்கொண்டிருந்தவன் எங்கள் பயிற்சி மாணவன், நான்காம் ஆண்டு. இருபது போயிருந்தது, பத்தொன்பதுதான் வந்திருந்தது. மறுபடி எண்ணினான். பத்தொன்பது. சர்ஜன் தையல் ஊசியைக் கையில் வாங்கிவிட்டார். மணி ஒன்றரை. எல்லோருக்கும் களைப்பு. "கீழே வாளியில் பார், விழுந்திருக்கும்" என்றார். பார்த்துவிட்டான், அங்கே இல்லை. குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னான்: "சார், ஒரு மாப் இன்னும் உள்ளே இருக்கிறது." சர்ஜன் ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை மறுபடி உள்ளே விட்டார். கல்லீரலுக்கு மேலே, உதரவிதானத்துக்கு அடியில் சுருண்டு கிடந்தது. ரத்தத்தில் ஊறிய மாப் திசுவோடு திசுவாகத்தான் தெரியும், வித்தியாசமே இருக்காது. அந்தத் தம்பி எண்ணியிருக்காவிட்டால் சில மாதம் கழித்து வயிற்றுவலி, காய்ச்சல், சீழ், இன்னொரு ஆபரேஷன்.

எடுத்துக் கொடுக்கிற வேலைதானே என்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தப் பத்தொன்பதுதான்.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவைப் பாதுகாப்புக்காக ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. 19 அம்சங்கள். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று நிறுத்தங்கள். புதுதில்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் இதை நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். அந்த மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. ஒரு தாள், அதை உரக்கப் படித்து ஒவ்வொன்றாக உறுதி செய்யும் ஆட்கள். கருவி, மாப், ஊசி எண்ணிக்கை சரியா என்ற கேள்வியும் அந்தத் தாளில் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்பவர்களில் நீங்களும் ஒருவர்.

மயக்கவியல் பக்கம் இதே அளவுக்குப் பெரியது. காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் அனஸ்தீசியா இயந்திரம், சக்‌ஷன், தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு, ஆக்சிஜன் கையிருப்பு எல்லாம் சோதித்து முடித்திருக்க வேண்டும். நம் நாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடல், வெள்ளைத் தோள். நைட்ரஸ் ஆக்சைடு நீலம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பெயிண்ட் உதிரும். சிலிண்டர் மாறிப் பொருந்தாமல் தடுக்கும் துளைகளின் இட எண், அதாவது பின் இண்டெக்ஸ், ஆக்சிஜனுக்கு 2, 5. நைட்ரஸுக்கு 3, 5. பொருந்தாத சிலிண்டரைச் சுத்தியலால் தட்டிப் பொருத்துகிற ஆளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதை எல்லாம் ஆறு மாதத்தில் கற்றுத் தர முடியாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. துணை மருத்துவம் மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ல் வந்தது. அதன் அட்டவணையில் நம் தொழிலும் இருக்கிறது. துணை மருத்துவத் தொழிலர் என்று சொல்லிக்கொள்ள, இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். அந்தப் பெண் படித்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 26 வாரம், ஐந்து நாள், மூன்று மணி நேரம்: 390 மணி. ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

அப்படியானால் எங்கே படிப்பது? தமிழ்நாட்டில் நேரான வழி பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி. சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டுக்கும் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு இணையவழியில் விண்ணப்பம் வாங்கிக் கலந்தாய்வு நடத்துகிறது. பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் அறிவிப்பைத் தினமும் பாருங்கள். பொறியியல் கலந்தாய்விலேயே கண்ணாக இருந்து, இந்தத் தேதியைக் கோட்டைவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளும் நெடுநாளாக நடந்து வருகின்றன. அவற்றையும் மாடிக்கடைச் சான்றிதழையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அங்கே படிப்பதே தியேட்டருக்குள்தான். ஆனாலும் பட்டத்துக்கு வாய்ப்பிருந்தால் பட்டத்துக்கே போங்கள்.

தொலைதூரக் கல்வியில் இதைப் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைதூரத்திலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டுவார்கள். துபாய்க்கோ சவுதிக்கோ போக வேண்டுமானால் உங்கள் சான்றிதழைக் கொடுத்த நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பொன்னிற முத்திரை அங்கே செல்லாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் சேர்க்கும் முன் வரவேற்பறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எழுந்து நின்று கேளுங்கள்: உங்கள் மருத்துவமனை எங்கே இருக்கிறது? எத்தனை தியேட்டர்? ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன்? என் பிள்ளை எந்த ஆண்டில் உள்ளே போவான்? பல்கலைக்கழக இணைப்புக் கடிதம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா, அதில் இந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா? கட்டடத்துக்கு இணைப்பு இருந்தால் எல்லாப் படிப்புக்கும் இருப்பதாக நினைக்காதீர்கள். பதில் சொல்லத் தயங்கினால் முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்ற வரியைப் பார்த்தாலே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

சேர்ந்துவிட்ட தம்பி தங்கைகளுக்கும் சில சொற்கள். மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியை முதல் மாதமே தொடங்குங்கள். மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றாவதை மறப்பவர்கள்தான் அதிகம். முடித்த பிறகு ஓரிரு மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு அளவு 10 mIU/mL-க்கு மேல் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் விரலைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் மறைத்த ஒரு பெண்ணோடு நான் மருத்துவரிடம் ஓடியிருக்கிறேன். மூன்று மாதம் அவள் தூங்கவில்லை. ஊசிக்கு மூடி போடாதீர்கள், வெள்ளை நிறக் குத்தாத டப்பா அதற்காகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். மயக்கவியல் மருத்துவர் வரத் தாமதமாகிறது, நீயே மருந்தை ஏற்று என்று சில சிறிய இடங்களில் சொல்வார்கள். செய்யாதீர்கள். மருந்தை எடுத்து வைப்பதும் பெயர் ஒட்டுவதும் கருவியைத் தயார் செய்வதும் நம் வேலை. மருந்தைக் கொடுப்பது மருத்துவரின் வேலை. வேலை போனால் இன்னொன்று கிடைக்கும்.

அந்தப் பெண்ணை அன்று வேலைக்கு எடுக்க முடியவில்லை. அப்பாவை உள்ளே அழைத்து உட்கார வைத்து இதை எல்லாம் சொன்னேன். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். இந்த ஆண்டே பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அவர் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டு போனார். நேற்று மாலை அவரிடமிருந்து போன் வந்தது. விண்ணப்பத்தில் எழுத நினைத்திருந்த ஒரு கல்லூரிக்கு நேரிலேயே போய் வந்திருக்கிறார். வரவேற்பறையில் உட்காரவில்லையாம். "சார், தியேட்டர் இருக்கிற மாடிக்கே போய்விட்டேன். உள்ளே விடவில்லை. வெளியே நின்று கதவை எண்ணினேன். ஆறு இருக்கிறது. அது போதுமா, சார்?"