ஃபேக்ஸில் எட்டு எப்படி மூன்றாகிறது?

ஒரு மருந்துச்சீட்டு ஃபேக்ஸில் வருகிறது. மருந்தின் அளவு 3 மில்லிகிராமா, 8 மில்லிகிராமா என்று புரியவில்லை. பெற்றவர் தன் இயந்திரத்தைத் துடைக்கிறார், டோனரை மாற்றுகிறார். பெரும்பாலும் பயன் இருக்காது. அந்த எட்டின் இடப்பக்க வளைவு தொலைபேசிக் கம்பியில் ஏறும் முன்பே, அனுப்பிய இயந்திரத்துக்குள் தொலைந்திருக்கும்.

ஃபேக்ஸ் இயந்திரத்துக்கு எழுத்து தெரியாது. தாளை மெல்லிய கிடைவரிசைகளாக வருடி, ஒவ்வொரு வரிசையையும் 1,728 புள்ளிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு புள்ளியிடமும் ஒரே கேள்வி: கறுப்பா, வெள்ளையா? சாம்பல் நிறத்துக்கு இடமில்லை. பென்சில் எழுத்து, மை வற்றிய முத்திரை, தேய்ந்த அச்சு எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் போய் விழவேண்டும். எட்டின் மெல்லிய வளைவு ஒரு புள்ளியில் பாதி, அடுத்ததில் பாதியாகப் படிந்தால் இரண்டுமே வெள்ளை என்று தீர்ப்பாகிவிடலாம். மிஞ்சுவது மூன்று.

ஃபேக்ஸுக்கென 1980-இல் வகுக்கப்பட்ட குரூப் 3 தரம்தான் இன்றும் அடிப்படை. அதன் சாதாரண முறையில் குறுக்குவாக்கில் மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். மேலிருந்து கீழாக 3.85 வரிசைகள் மட்டுமே. அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைப்போல் இரு மடங்கு உயரம். 2 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு எட்டு வரிசைகூட முழுதாகக் கிடைக்காது. ண, ன இரண்டின் சுழிகளையும் அதற்குள் எப்படிப் பிரித்துக் காட்டுவது? மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு வரிசை வாய்த்தாலே பெரிது. ‘ஃபைன்’ முறையை அழுத்தினால் வரிசைகள் 7.7 ஆகின்றன. அனுப்பும் நேரம் கூடும் என்பதால் பல இயந்திரங்கள் சாதாரண முறையிலேயே தொடங்குகின்றன. என்னைக் கேட்டால், வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒரு பொத்தானை அழுத்துங்கள். பெறுபவரால் இதைச் செய்யவே முடியாது.

எழுத்து வெளிறிய தாளுக்கு, அனுப்பும் இயந்திரத்தில் அடர்த்தி அமைப்பைக் கூட்டவேண்டும். வண்ணத் தாளுக்குக் குறைக்கவேண்டும், இல்லையேல் பின்னணியே கரும்புள்ளிகளாகப் பொரிந்துவிடும். புகைப்பட முறை சாம்பலைப் புள்ளிக்கூட்டமாக மாற்றிக் காட்டும். படத்துக்கு அது நல்லது. எழுத்தின் விளிம்பை மட்டும் அரித்துவிடும்.

பக்கம் முழுக்க ஒரே நேர்க்கோடு ஓடுகிறதா? வருடும் கண்ணாடியில் ஒட்டிய ஒரு துளி, பிழையை மறைக்கப் பூசும் வெண்மை திரவமோ தூசியோ போதும். இயந்திரத்தின் வருடும் கண் அசையாமல் தாள் நகர்வதால், துகள் கோடாக நீள்கிறது. அனுப்பும் இயந்திரத்திலேயே ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். அதே கோடு அதிலும் வந்தால் முதலில் கண்ணாடியைத் துடையுங்கள்.

தொலைபேசி இணைப்பின் இரைச்சல் வேறு மாதிரிக் கெடுக்கும்: சில வரிசைகள் விடுபடும், அல்லது கிழிந்ததுபோல் இழுபடும். ஈ.சி.எம். என்ற பிழைதிருத்த வசதி இரு முனையிலும் இயங்கினால், பழுதான துண்டுகளை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும். அதற்கும் அடங்காத இணைப்பில் வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600-க்குக் குறைத்தால் பிழைகள் குறையும். இணையவழித் தொலைபேசியில் குரலைச் சுருக்கும் முறைகள் ஃபேக்ஸின் ஒலிகளைச் சிதைத்துவிடும், அங்கே டி.38 என்ற தனி நெறிமுறை தேவை.

கணினியில் தயாரான ஆவணத்தை அச்சிட்டு வருடுவது வீண்வேலை. கணினியிலிருந்தே ஃபேக்ஸாக அனுப்பினால் கண்ணாடி, தூசி, கோணிய தாள் எதுவும் குறுக்கே வராது. வந்த ஃபேக்ஸையே திரும்ப ஃபேக்ஸ் செய்வதுதான் மிக மோசம்: ஏற்கெனவே பிசிறான விளிம்பு மீண்டும் கறுப்பு வெள்ளையாக வெட்டப்படுகிறது. மூலத்தாள் கிடைக்காமல் அப்படி அனுப்ப நேர்ந்தால், எண்களை உரியவரிடம் உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கறுப்பு மையில் பெரிதாக எழுத்தால் எழுதிவிடுங்கள்: எட்டு.